கன்னத்துக்கும் மருத்துவம் உண்டு

அவையில் கூடியிருக்கும் தாய்மார்களே, பெரியவர்களே, டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் மாணவ மாணவியரே, மாலைப் பயிற்சியை முடித்துக்கொண்டு ஜெர்சியோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பந்தாட்டப் பிள்ளைகளே!

உலக எய்ட்ஸ் தினத்தையொட்டி நம் வியாசர்பாடியில் நடக்கும் கூட்டம் இது. டிசம்பர் மாதத்துக் கூட்டங்களில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கு மனப்பாடம். எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது, தொட்டால் வராது, கொசு கடித்தால் வராது. அதையெல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே கேட்டுவிட்டீர்கள். இன்று நான் பேச வந்தது பிழைத்தவர்களைப் பற்றி. இருபது வருடமாக ஒரு வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்துவைத்து, பேரப்பிள்ளையையும் பார்த்துவிட்டவர்களைப் பற்றி. அப்படிப் பிழைத்ததற்கு விலையாகத் தங்கள் முகத்தைக் கொடுத்தவர்களைப் பற்றி.

முகத்தையா? ஆம், முகத்தைத்தான்.

ஒரு பெண்ணை எண்ணிப்பாருங்கள். அவள் நம் சத்தியமூர்த்தி நகரில் இருக்கலாம், சர்மா நகரில் இருக்கலாம், எம்.கே.பி. நகரில் இருக்கலாம். விடியற்காலையில் தண்ணி லாரி வருகிறது. குடத்தோடு வரிசையில் நிற்கிறாள். நாலு வருடம் கழித்து ஊரிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரி அவளைப் பார்த்ததும் கேட்கிறாள்: "இன்னா யக்கா, இப்டி ஒடுங்கிப் பூட்ட? மூஞ்சியே டொக்கு வுழுந்துகீது! சுகரா?"

அவள் என்ன பதில் சொல்வாள்? "ஆமாம்மா, சுகர்தான்" என்பாள். வேறு என்ன சொல்ல முடியும்? அந்த வரிசையில் நாற்பது பேர் நிற்கிறார்கள். நாற்பது பேரும் அவள் கன்னத்தைப் பார்க்கிறார்கள்.

கேட்டவள் கெட்டவள் இல்லை. அக்கறையாகத்தான் கேட்டாள். ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, மறுநாளிலிருந்து தண்ணீர் பிடிக்க மகளை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகாதவர்கள் இருக்கிறார்கள். போனாலும் போட்டோ எடுக்கும்போது எழுந்து வெளியே போய்விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத ஆண்கள் இருக்கிறார்கள்.

ஏன் இப்படி ஆனது? இதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த மாணவி நிர்மலா செல்லப்பன். அவருடைய பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன். இந்த நகரத்துக் காப்பகம் ஒன்றில் இருந்த பெண்களிடமிருந்து நிர்மலா ரத்த மாதிரி எடுத்தார். அதை வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்துப் பாதுகாத்து, கணவரோடு ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. இந்தியாவில் இந்தக் கிருமி இருக்கிறது என்பதற்கு முதல் சாட்சியம் அதுதான். நம் ஊரில்தான், ஒரு மாணவியின் கையால்தான் அது வெளிப்பட்டது.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளை இங்கே இருக்கும் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். தாம்பரம் சானடோரியம் என்றால் உங்களுக்குத் தெரியும். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம். 1993-இலிருந்து அது எச்.ஐ.வி. நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டது. வேறு இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். படுக்க ஓர் இடம் கிடைத்தது, பார்க்க ஒரு மருத்துவர் கிடைத்தார். ஆனால் மருந்து? மருந்து உலகத்தில் இருந்தது, நமக்கு இல்லை. ஒருவருக்கு ஓர் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் பல வருடம் தூக்கினாலும் அந்த ஒரு வருட மருந்தை வாங்க முடியாது.

2001 பிப்ரவரியில் நம் நாட்டு சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது ஒன்றைச் சொன்னார். எச்.ஐ.வி.க்குச் சேர்த்துச் சாப்பிட வேண்டிய மூன்று மருந்தையும் வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு! உலகமே திரும்பிப் பார்த்தது. 2004 ஏப்ரல் 1. மத்திய அரசு எட்டு அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. அந்த எட்டில் ஒன்று நம் தாம்பரம்.

அந்த மாத்திரையில் மூன்று மருந்துகள் இருந்தன. லாமிவுடின், நெவிரபின், மூன்றாவதாக ஸ்டாவுடின். இந்த மூன்றாவது பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரையைத் திட்ட நான் மேடை ஏறவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு வரப்பட்டவர்கள் ஆறு மாதத்தில் நடந்துபோனார்கள். உயில் எழுதிவைத்தவர்கள் வேலைக்குப் போனார்கள். அநாதையாக வேண்டிய பிள்ளைகளுக்குத் தாய் மிஞ்சினாள். ஸ்டாவுடின் மலிவு. அதைத் தொடங்குவதற்கு முன்னால் பெரிய பரிசோதனைகள் தேவைப்படவில்லை. ஏழை நாடுகளில் லட்சக்கணக்கானவர்களின் உயிரைப் பிடித்து நிறுத்தியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதை மறப்பது நன்றிகெட்டதனம்.

ஆனால் நன்றி வேறு, கணக்கு வேறு.

ஸ்டாவுடின் எப்படி வேலை செய்கிறது? கிருமி தன்னைப் படியெடுத்துப் பெருக்கிக்கொள்ள ஒரு நொதியை வைத்திருக்கிறது. ஸ்டாவுடின் போலிச் சரக்காக உள்ளே நுழைந்து அந்த நொதியை ஏமாற்றி, படியெடுப்பதைப் பாதியில் நிறுத்துகிறது. நல்லதுதான். ஆனால் நம் உடம்பின் ஏறக்குறைய ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது. செல்லுக்குச் சக்தி தயாராகும் அடுப்பு அது. அதற்கென்று தனியாக டி.என்.ஏ. உண்டு, அதைப் படியெடுக்கத் தனியாக ஒரு நொதி உண்டு. அந்த நொதியும் ஸ்டாவுடினிடம் ஏமாந்துபோகிறது. மெல்ல மெல்ல அடுப்பு அணைகிறது. அதில் கடுமையாக அடிவாங்குவது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புச் செல்கள்.

கன்னத்தில் சதை என்று நாம் சொல்கிறோமே, அதில் பெரும்பகுதி அந்தக் கொழுப்புதான். அது கரைந்தால் கன்னம் ஒட்டிப்போகிறது. நெற்றிப்பொட்டு குழிகிறது. கண் உள்ளே போகிறது. கைகளிலும் கால்களிலும் கொழுப்புப் போனதும் நரம்பு நரம்பாகத் தெரிகிறது. உண்மையில் அவை ரத்தக்குழாய்கள். பிட்டத்தில் சதை இல்லாமல் போகிறது. மரப்பெஞ்சில், பஸ் சீட்டில் உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது. இது பார்வைக்கு மட்டுமான தொல்லை என்று நினைப்பவர்கள் ஒரு மணி நேரம் வெறும் எலும்பின்மேல் உட்கார்ந்து பார்க்கட்டும். பாதம் எரிகிறது, ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். அதுவும் அதே மருந்தின் வேலைதான்.

இன்னொரு பக்கம், சிலருக்கு வயிற்றுக்குள் கொழுப்பு சேர்கிறது. மார்பு பெருக்கிறது. பிடரியில் திமில்போல் ஒரு கட்டி எழுகிறது. இதில் சில பழைய வேறு மருந்துகளுக்கும் பங்கு உண்டு. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் முன்னால். கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு இப்படி வயிறு தள்ளினால் தெரு என்ன பேசும் என்று நான் சொல்ல வேண்டுமா? "எத்தினி மாசம்?" என்று ஒரு வாய் கேட்டால் போதாதா? ஸ்டாவுடினுக்குப் பதில் ஜிடோவுடின் எடுத்துக்கொண்டவர்களில் சிலருக்கு நகத்தில் கருநீலக் கோடு விழுந்தது, தோல் கறுத்தது. நம்மைப்போல் மாநிறமும் கறுப்பும் கொண்ட மக்களிடம் அது கூடுதலாகத் தெரிந்தது.

இதெல்லாம் யாருக்கும் தெரியாமல் நடந்ததா? இல்லை. 1998-லேயே ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்து மருத்துவர்கள் ஆண்ட்ரூ காரும் டேவிட் கூப்பரும் அவர்களுடைய குழுவினரும், மருந்து சாப்பிடுகிறவர்களின் உடம்பில் கொழுப்பு இடம் மாறுவதை விவரித்து எழுதினார்கள். அதற்கு லிப்போடிஸ்ட்ரோபி என்று பெயர் வந்தது. முகத்தையும் கை கால்களையும் கரைப்பதில் ஸ்டாவுடின் முன்னால் நிற்கிறது என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது. பணக்கார நாடுகள் அதை ஒதுக்கிவைத்தன. நம் அரசு மருத்துவமனைகளில் அது 2004-இல்தான் வந்து இறங்கியது. மருந்தின் அளவைக் குறையுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் சொன்னது. படிப்படியாக நிறுத்துங்கள் என்று 2009 நவம்பரில் சொன்னது. நம் நாட்டில் அது ஒழிவதற்கு அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஆயின.

அதிலும் யாருக்கு அதிகமாகப் போனது தெரியுமா? ஜிடோவுடின் ரத்தத்தைக் குறைக்கும். அதனால் ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே இருந்தால் ஸ்டாவுடின் கொடு என்பது அன்றைய விதி. ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே யாருக்கு இருக்கும்? வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிறவளுக்கு இருக்கும். மருத்துவ ரீதியில் விதி சரியானதுதான், நான் மருத்துவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பசி எப்படி ஒரு முகத்தைத் தேர்ந்தெடுத்தது பாருங்கள். முதலில் சோறு குறைந்தது. சோறு குறைந்ததால் ரத்தம் குறைந்தது. ரத்தம் குறைந்ததால் இந்த மருந்து வந்தது. இந்த மருந்து கன்னத்தை எடுத்துக்கொண்டது.

குழந்தைகளும் உண்டு. 2006-இன் இறுதியில் குழந்தைகளுக்கான கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது, பிறப்பிலேயே கிருமியோடு வந்த பிள்ளைகள் பலருக்கும் ஸ்டாவுடின் கலந்த மாத்திரைதான் கிடைத்தது. வளரும் வயதில் அதைச் சாப்பிட்டவர்கள் இன்று இருபதுகளில் இருக்கிறார்கள். உங்கள் வயதுதான், பின்வரிசைத் தம்பிகளே. செல்ஃபி எடுக்கும் வயது. பெண் பார்க்கும் வயது. வேலைக்கு நேர்காணலுக்குப் போய் உட்காரும் வயது.

இப்போது இன்னொரு கொடுமையைச் சொல்கிறேன். எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் எய்ட்ஸ் விழிப்புணர்வு என்று சுவரில் என்ன ஒட்டினோம்? மண்டை ஓடு. எலும்புக்கூடு. கன்னம் ஒட்டி, கண் குழிந்து, சாகக் கிடக்கும் ஒரு மனிதன். பயமுறுத்தினால் ஜனங்கள் ஒழுங்காக இருப்பார்கள் என்று நினைத்தோம். அந்தப் படம் என்ன கற்றுக்கொடுத்தது? இந்த முகம் இருந்தால் இந்த நோய் என்று கற்றுக்கொடுத்தது. பத்து வருடம் ஊரையே அந்தப் பாடத்தில் பழக்கினோம். அப்புறம் மருந்து வந்தது. உயிரைக் காப்பாற்றிய மருந்து, சுவரொட்டியில் இருந்த அதே முகத்தை அவர்களுக்கு வரைந்து கொடுத்தது.

நோய் முற்றியபோது இளைத்த முகம் வேறு, மருந்தால் கரைந்த முகம் வேறு. முதல் முகம் சாவை நோக்கிப் போகிற முகம். இரண்டாவது, சாவிலிருந்து திரும்பி வந்த முகம். தெருவுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. ரகசியம் காப்பது மருத்துவமனையின் கடமை என்றோம். மருத்துவமனை காத்தது. கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் சிகிச்சை அட்டையை மறைத்துவைத்தார்கள், பெயரைச் சத்தமாகக் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டார்கள். எல்லாம் செய்து என்ன? ரகசியம் கன்னத்தில் எழுதப்பட்டுவிட்டது.

அதனால் என்ன நடந்தது? சிலர் மாத்திரையை நிறுத்தினார்கள். கண்ணாடியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள். நிறுத்தினால் கிருமி திரும்பப் பெருகும், பழைய மருந்துக்கு மசியாத கிருமியாக மாறும், ஆளைக் கொல்லும். முகத்துக்காக உயிரையா விடுவார்கள் என்று கேட்பீர்கள். விடுவார்கள். நாம் பார்க்கிற பார்வை அப்படி.

இங்கே ஒருவேளை அப்படி மருந்தை விட்டவரோ, விடலாமா என்று யோசிக்கிறவரோ இருந்தால், அவருக்கு நான் சொல்வது இதுதான். இன்று ஏ.ஆர்.டி. மையத்தில் கிடைக்கும் மாத்திரை அந்தப் பழைய மாத்திரை இல்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, ஒரு நாளைக்கு ஒரு வேளை. அது கன்னத்தைக் கரைப்பதில்லை. சிலருக்கு உடல் எடை கூடலாம், சிறுநீரகத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும். அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். 2017-இலிருந்து கிருமி உறுதியானாலே, எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 எத்தனை என்று காத்திருக்காமல், எல்லோருக்கும் மருந்து. ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து துணைக்குப் பரவாது. இது நிரூபணமான உண்மை. மருந்தை விடாதீர்கள். உடம்பில் எந்த மாற்றம் தெரிந்தாலும், வெட்கப்படாமல் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். அவர் அவசரத்தில் இருந்தால் மையத்தின் ஆலோசகரிடம் சொல்லுங்கள். இன்னொன்று. "சுகர்" என்று ஊருக்குச் சொல்லிவைத்தீர்களே, அந்தப் பொய் மெய்யாகவும் வாய்ப்பு உண்டு. கொழுப்பு இடம் மாறிய உடம்பில் சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் ஏறுவது சகஜம். வருடத்துக்கு ஒரு முறையாவது இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

சரி, மருந்து மாறிவிட்டது. போன கன்னம்?

கன்னம் தானாக முழுசாகத் திரும்புவதில்லை. ஸ்டாவுடினை நிறுத்திய பிறகு கொழுப்பு மெல்ல மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊறுகிறது. பலருக்குக் குழி குழியாகவே நின்றுவிட்டது. மருந்தை மாற்றினோம், கடமை முடிந்தது என்று அரசு நினைக்கிறது. முடியவில்லை ஐயா. பாதிதான் முடிந்திருக்கிறது.

இதற்கு வைத்தியம் இல்லையா? இருக்கிறது. குழிந்த கன்னத்துக்குள் பாலி லாக்டிக் அமிலம் என்னும் பொருளை ஊசியால் நிரப்பலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004 ஆகஸ்டிலேயே, எச்.ஐ.வி. உள்ளவர்களின் முகக் குழிவுக்கு என்றே அதற்கு அனுமதி கொடுத்தது. உடம்பில் கொழுப்பு மிஞ்சியிருக்கும் இடத்திலிருந்து எடுத்துக் கன்னத்தில் வைக்கலாம். பிடரித் திமிலை உறிஞ்சி எடுக்கலாம். எல்லாம் உண்டு. யாருக்கு உண்டு? காசு உள்ளவருக்கு உண்டு. தனியார் கிளினிக்கில், ஊசி ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில். இலவச மாத்திரை வாங்கப் பஸ் ஏறிப் போகிறவருக்கு இல்லை.

ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது. இது அழகுக்கான சிகிச்சை, உயிருக்கான சிகிச்சை அல்ல.

நண்பர்களே, இந்தப் பதிலை வட சென்னையில் வந்து சொல்லக் கூடாது. ஏன் சொல்லக் கூடாது? இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறையைத் தொடங்கினார். எதற்காகக் கை? இந்த மண்ணுக்குக் கைதான் சொத்து. பின்னி மில்லின் தறியில், அச்சகத்தின் இயந்திரத்தில், லேத்துப் பட்டறையில், துறைமுகத்தின் இரும்புச் சங்கிலியில் விரலைக் கொடுத்த தொழிலாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். காயத்தைக் கட்டி அனுப்பியிருந்தால் உயிர் பிழைத்திருக்கும். உயிர் போதும் என்று அந்த மருத்துவர் நினைக்கவில்லை. போன விரலைத் திரும்ப உண்டாக்கினார். அறுந்த கையைத் திரும்பச் சேர்த்தார். காசு வாங்காமல், அரசு மருத்துவமனையில். இன்றைக்கு நாடு முழுவதிலிருந்தும் அங்கே வந்து கற்றுக்கொள்கிறார்கள்.

இயந்திரம் தின்ற விரலை அரசு திருப்பித் தருகிறது. அரசே கொடுத்த மாத்திரை தின்ற கன்னத்தை ஏன் தரக் கூடாது?

விரல் வேலைக்கு வேண்டும், கன்னம் எதற்கு என்று கேட்கிறீர்களா? அந்தக் கன்னத்தோடு வீட்டு வேலை கேட்டுப் போய்ப் பாருங்கள். சமையல் வேலை கேட்டுப் பாருங்கள். ஹார்பர் கேட்டில் கூலிக்கு நின்று பாருங்கள். நரம்பு தெரியும் கையைப் பார்த்துவிட்டு மேஸ்திரி அடுத்த ஆளைக் கூப்பிடுவார். வாடகைக்கு வீடு கேட்டுப் பாருங்கள். முகம் வேலைக்கு வேண்டாம் என்று யார் சொன்னது?

அழகு ஏழைக்கு எதற்கு என்னும் கேள்விக்கும் இதே ஸ்டான்லி பதில் சொல்லிவிட்டது. 2018-இல் அங்கே மார்பகச் சீரமைப்பு அறுவைக்கு இலவசப் பிரிவு தொடங்கினார்கள். நாடெங்கும் செய்தி வந்தது. வரிப்பணத்தில் இதெல்லாமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் அதில் தவறே இல்லை என்று நின்றார். அது சரியான நிலை என்று நான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். தன் உடம்பைத் தானே வெறுக்காமல் வாழ்வது பணக்காரரின் தனி உரிமையாக இருக்க முடியாது. அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. அதில் இன்னும் சிலரை உள்ளே விட வேண்டும், அவ்வளவே.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாதையும் இல்லை. தொழுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1940-களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவையைச் செய்தார். கிருமி செத்த பிறகும் கையும் முகமும் பழையபடியே இருந்தால், குணமானவனையும் ஊர் நோயாளி என்றுதான் சொல்லும் என்பதை அந்த மருத்துவமனை புரிந்துகொண்டது. இன்றைக்குத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் சீரமைப்பு அறுவை ஓர் அங்கம். செய்துகொள்பவருக்குக் கூலி இழப்புக்காக அரசு உதவித்தொகையும் கொடுக்கிறது. அங்கே யாரும் அழகுக்கான அறுவை என்று சொல்வதில்லை. சிகிச்சை என்கிறார்கள். தொழுநோய்க்கு ஒரு நியாயம், எச்.ஐ.வி.க்கு ஒரு நியாயமா?

பந்தாட்டத் தம்பிகளே, இப்போது உங்களிடம் வருகிறேன். இந்த வியாசர்பாடிக்கு என்ன பெயர்? குட்டி பிரேசில்! கன்னிகாபுரம் மைதானத்தில் மஞ்சள் ஜெர்சி போடாத பிள்ளை உண்டா? உலகக் கோப்பை வந்தால் பச்சை மஞ்சள் கொடி கட்டாத தெரு உண்டா? அந்த பிரேசில் பந்தாட்டத்தில் மட்டும் பெரிய நாடு இல்லை. 1996 நவம்பரில் சட்டம் போட்டு, எச்.ஐ.வி. உள்ள எல்லோருக்கும் இலவச மருந்து கொடுத்த நாடு. ஏழை நாட்டால் முடியாது என்று உலக வல்லுநர்கள் சொன்னபோது முடித்துக்காட்டிய நாடு. அதோடு விடவில்லை. 2004 டிசம்பரில், மருந்தால் முகம் குழிந்தவர்களுக்கும் உடம்பு மாறியவர்களுக்கும் சீரமைப்பு சிகிச்சையைத் தன் பொது மருத்துவத் திட்டத்தில் சேர்த்தது. கன்னத்தை நிரப்புவது, திமிலை எடுப்பது, பிட்டத்தைச் சீர்செய்வது, எல்லாம் இலவசம். நாம் இங்கே முதல் மாத்திரையை எண்ணிக்கொண்டிருந்த அதே வருடம்!

அமெரிக்காவும் 2010-இல் இறங்கிவந்தது. முகம் குழிந்து அதனால் மனச்சோர்வுக்கு ஆளானவர்களுக்கு இந்த ஊசிச் செலவை அவர்களுடைய மெடிகேர் காப்பீடு ஏற்கும் என்றது. மனம் உடைந்தது என்று நிரூபித்தால்தான் கன்னம் என்பது எனக்கு உடன்பாடில்லை. அது கிடக்கட்டும், கொள்கையளவில் அவர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பிரேசிலின் பந்தாட்டத்தைப் பார்த்துப் பழகிய ஊர் இது. பிரேசிலின் இந்த நியாயத்தையும் கேட்டு வாங்க வேண்டாமா?

நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. வேலையில், பள்ளியில், மருத்துவமனையில், வாடகை வீட்டில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஒருவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியில் சொல்லக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். அரசு என்னென்ன சிகிச்சை தர வேண்டும் என்று அது சொல்லும் இடத்தில் பரிசோதனையும் கூட்டு மருந்தும் தொற்று நோய்களுக்கான சிகிச்சையும் இருக்கின்றன. மருந்தே உண்டாக்கிய சேதத்துக்கு என்ன என்பது அங்கே சொல்லப்படவில்லை. சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நம்மிடம் இருக்கிறது. பிளாஸ்டிக் அறுவை நிபுணர்கள் நம் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். ஏ.ஆர்.டி. மையங்களில் பெயர்ப் பதிவேடு இருக்கிறது. யார் எந்த ஆண்டில் எந்த மருந்தைச் சாப்பிட்டார்கள் என்று அட்டையைப் பார்த்தாலே தெரியும். மருத்துவர் இருக்கிறார், நிதி வரும் வழி இருக்கிறது, பயனாளி யார் என்றும் தெரிகிறது. இந்த மூன்றையும் இணைக்கும் ஓர் அரசாணை மட்டும் இல்லை.

அந்த ஆணையில் நான் மூன்று விஷயம் கேட்பேன். ஸ்டாவுடினால் முகம் குழிந்தவர்களுக்கான சிகிச்சை காப்பீட்டுப் பட்டியலில் சேர வேண்டும். அது ஸ்டான்லியில் தொடங்க வேண்டும். மூன்றாவது, மிக முக்கியமானது: அந்த நோயாளிகள் எச்.ஐ.வி. என்ற பலகை இல்லாத, எல்லோரும் போகிற பிளாஸ்டிக் அறுவைப் பிரிவின் வரிசையில்தான் உட்கார வேண்டும். தீக்காயம் பட்டவருக்கும் விபத்தில் தாடை உடைந்தவருக்கும் நடுவில். தனி அறை வேண்டாம், தனி நாள் வேண்டாம். முகத்தைத் திருப்பித் தருகிறேன் என்று கூப்பிட்டுவிட்டு, அடையாளத்தைக் கழுத்தில் மாட்டி அனுப்பக் கூடாது.

அரசுக்குக் கோரிக்கை வைத்தாயிற்று. நம் பங்கு ஒன்று இருக்கிறது, அதற்கு அரசாணை தேவையில்லை. யாரையாவது நாள் கழித்துப் பார்த்தால் உடம்பைப் பற்றிப் பேச்சைத் தொடங்காதீர்கள். இளைத்துவிட்டாய், கறுத்துவிட்டாய், குண்டாகிவிட்டாய், எதையும் சொல்லாதீர்கள். நமக்கு அது பாசத்தின் மொழியாகப் பழகிப்போய்விட்டது என்பது எனக்குத் தெரியும். "நல்லாக்கீறியாக்கா? பசங்க எப்டிகீதுங்க?" என்று கேளுங்கள். பாசம் அதிலும் இருக்கிறது. நலம் சொல்ல அவர் விரும்பினால் சொல்வார்.

நான் பேசவேண்டியதைப் பேசிவிட்டேன். வாசலுக்குப் பக்கத்தில் மேஜைமேல் ஒரு மனு இருக்கிறது. சுகாதாரத் துறைச் செயலாளருக்கு எழுதியது. இப்போது சொன்ன மூன்று கோரிக்கையும் அதில் இருக்கின்றன. பெயரும் தெருவும் எழுதினால் போதும், வேறு விவரம் கேட்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். "இது என் பிரச்சினை இல்லையே" என்று யாரும் மேஜையைத் தாண்டிப் போகாதீர்கள். பத்துப் பேர் மட்டும் போட்டால், அந்தப் பத்துப் பேரையும் தெரு உற்றுப் பார்க்கும். கல்லூரி மாணவர்களும் பந்தாட்டப் பிள்ளைகளும் தாய்மார்களும் எல்லோரும் போட்டுவிட்டால், அதில் யாருக்குப் பாசிட்டிவ் என்று எவராலும் சொல்ல முடியாது. பேனா அங்கேயே இருக்கிறது. முதலில் இளைஞர்கள் வாருங்கள்.